சோர்வது நர்ஸ், சரி செய்ய வேண்டியது வார்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மனநல வார்டில் வேலை பார்க்கும் பெண் "முடியல" என்று சொன்னால், நம் வீடுகளில் கிடைக்கும் பதில், "நாலு நாள் லீவு போட்டுட்டுக் கோயிலுக்குப் போய்ட்டு வாம்மா." நல்ல மனசுதான். ஆனால் ஐந்தாம் நாள் அதே வார்டு, அதே ஆள் பற்றாக்குறை.

பணிச்சோர்வை அந்த ஆளின் பலவீனமாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற ஐசிடி-11 என்ற உலக நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அது நோயாக இல்லை. வேலை சார்ந்த நிலையாகவே இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். இரண்டாவதைத்தான் மேலாளர்கள் தப்பாகப் படிக்கிறார்கள். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் "ஏழாம் கட்டில்" என்று சொல்லத் தொடங்கினால், அது திமிர் அல்ல. மெமோ கொடுப்பதற்கு முன் அந்த மாத டூட்டி பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சம்மதமில்லாமல் சேர்க்கப்படுபவரை முதல் 72 மணி நேரம் கண்காணித்து மதிப்பிட வேண்டும். பல இடங்களில் இது பொது மருத்துவமனையில்தான் நடக்கிறது. மனநலப் பயிற்சி இல்லாத நர்ஸை அங்கே இரவில் தனியாக நிறுத்திவிட்டு "தியானம் பண்ணுங்க" என்பது என்ன நியாயம்? அடி விழுந்தால் "இந்த வேலைன்னா அப்படித்தான்" என்பதும் இதே ரகம். 1993ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் மனநல வார்டுக்கும் சேர்த்துத்தான்.

ஈடுபாட்டோடு உழைப்பவரைக் குனியக் குனியக் குட்டுவது இன்னொன்று. ஆர்வமாக இருக்கிறார் என்று சிக்கலான நோயாளிகளை எல்லாம் அவரிடமே தள்ளினால், முதலில் விலகுவது அவர்தான்.

அப்புறம், வேலை செய்பவர் சொல்வதைக் காதில் வாங்காதது. கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநலப் பராமரிப்பு நிலையங்களில் இருந்த நோயாளிகளை வசதியற்ற இல்லங்களுக்கு மாற்றும் முன்பே மனநல மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அரசு கேட்கவில்லை, 144 பேர் இறந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியதில்லை. டூட்டி பட்டியலை ஒரு மாதம் முன்னால் ஒட்டுங்கள், ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுங்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நர்ஸ், முந்தின நாள் ராத்திரி வரை மேலாளரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம்.