முட்டை அட்டையில் கை வைக்காதீர்கள்

இந்த ஆண்டும் எங்கள் கடற்கரை மாலை வகுப்புகளுக்குப் சிறு பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் சொல்லித்தரப் புதிதாகச் சிலர் வந்திருக்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளையை அதட்டக்கூடாது, அடிக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

பிள்ளையின் கையில் இருக்கும் வேலையைப் பிடுங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பாம்பனுக்கு அருகே ஒரு வலைக் கொட்டகையில் வகுப்பு. சத்துணவுக்கு முட்டை வந்த அட்டை, அதில் 30 குழிகள். பக்கத்தில் கழுவிக் காயவைத்த 30 மட்டிச் சிப்பி ஓடுகள். குழிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மளமளவென்று வைத்துக்கொண்டே போனாள். எங்கோ ஒரு குழியில் இரண்டு விழுந்துவிட்டன. கடைசியில் ஒரு குழி காலி, கையில் ஓடு இல்லை. அவள் அட்டையை உற்றுப் பார்த்தாள். கண் வரிசை வரிசையாக நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து, அருகில் இருந்த புதிய ஆசிரியை, "இங்கே இரண்டு இருக்கிறது பார், கண்ணு" என்று தானே ஓர் ஓட்டை எடுத்துக் காலிக் குழியில் வைத்துவிட்டார். அட்டை நிறைந்தது. சிறுமி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அட்டை நிறைய வேண்டும் என்று யார் கேட்டார்கள்? அவள் தேடிய அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அத்தனை ஓடுகளையும் கழுவினோம். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற பொருத்தம் பிள்ளையின் மனத்தில் பதிவது அப்படித் தேடும்போதுதான்.

1939இல் இந்தியா வந்து, சென்னை அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. அவருடைய மரக்கட்டை ஒன்றில் வெவ்வேறு அளவில் 10 குழிகள், 10 உருளைகள். ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஏதோ ஓர் உருளை இடம் கிடைக்காமல் நிற்கும். தவறு நடந்திருப்பதைக் கட்டையே சொல்லிவிடும், ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. நம் பல்லாங்குழியிலும் இதைச் செய்யலாம். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 சோழி. எண்ணிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒன்று மிஞ்சினால் பிள்ளை தானே திரும்பிப் போய்த் தேடும்.

கை நீட்டும் பழக்கத்தால் வரும் கேடு உடனே தெரியாது. சில வாரங்களில் பிள்ளை பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். ஒவ்வொரு ஓட்டை வைத்ததும் "சரியா அக்கா?" என்று நிமிரும். அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒன்றாம் வகுப்பில் கூட்டல் கணக்கு வரும்போது, தன் விடையைத் தானே சரிபார்க்கத் தெரியாமல் விழிக்கப்போவதும் அந்தப் பிள்ளைதான்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை தேடி முடிக்கும்வரை பேசாதீர்கள். அழுகை வரும்போல இருந்தால் மட்டும், "எந்த வரிசையில் ஆரம்பித்தாய்?" என்று கேளுங்கள். இடத்தைக் காட்டிக்கொடுக்காதீர்கள். புகைப்படம் எடுக்க வந்தவர் அவசரப்படுத்தினால், நிறையாத அட்டையையே எடுத்துக்கொண்டு போகட்டும்.

நிற்கும் கட்டத்தை எண்ண விடுவது

கயிற்றை மணலில் போட்டு, 1 முதல் 10 வரை கட்டம் வைத்துத் தாவுவது நல்ல விளையாட்டு. பாண்டி ஆடும் பிள்ளைகளுக்குத் தாவச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனால், 3இல் நின்றுகொண்டு இரண்டு தாவு என்றால், பலர் நிற்கும் கட்டத்திலேயே "ஒன்று" என்று சொல்லி, 4இல் "இரண்டு" என்று நின்றுவிடுவார்கள். எண்ண வேண்டியது தாவலை. கால் கிளம்பி மறுபடி ஊன்றும்போதுதான் எண் வாயில் வர வேண்டும். இங்கே கட்டம் தவறைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் சிக்கல். அதனால் 3 ஓடும் 2 ஓடும் கொடுத்துச் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். கால் சொன்ன விடையும் கை சொன்ன விடையும் ஒத்துப்போகவில்லை என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். இதைக் கவனிக்காமல் விட்டால், பிறகு அளவுகோலில் 0வை விட்டுவிட்டு 1இலிருந்து அளப்பார்கள்.

ஒருவர் தாவ, மற்றவர் வேடிக்கை பார்ப்பது

படகுத்துறையில் அறுந்த கயிறு நிறையக் கிடைக்கும். நான்கு வரிசை போடுங்கள்.

எடுத்த எடுப்பில் 'அ'

தோளும் முழங்கையும் பழகாமல் விரல் பழகாது. ஈர மணலில் குச்சியால் பெரிய கோடு, வட்டம், அலை. பிறகு ட, ப. இடையிடையே பழைய வலைத் துண்டின் கண்களில் நூல் கோக்கக் கொடுங்கள், விரல் நுனிக்கு வலு வரும். கையைப் பிடித்து எழுத வைப்பதும் முதலில் சொன்ன பிடுங்கல்தான்.

காகித அட்டை

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளியில் வேண்டவே வேண்டாம்.

பவளத் துண்டு

எண்ணுவதற்கென்று பொறுக்கி வராதீர்கள், பிள்ளைகளையும் பொறுக்க விடாதீர்கள். பவளப்பாறைகளுக்கு 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகள் நம் கரைக்கு எதிரேதான் இருக்கின்றன. சமையலில் மிஞ்சும் மட்டி ஓடு போதும், கூரான விளிம்பை மட்டும் தேய்த்துவிடுங்கள்.

மூன்று வயதுக்கும் கீழே

சோழியும் புளியங்கொட்டையும் கூடாது. வாயில் போட்டால் மூச்சுக்குழலில் சிக்கும். தேங்காய்ச் சிரட்டை, பனங்கொட்டை கொடுங்கள்.

வெயில்

காலை 9 மணிக்கு மேல் வெயில் தாழும்வரை வெறுங்காலோடு மணலில் இறக்காதீர்கள்.