படகு இன்ஜினின் இயல்பான வெப்பநிலையும் தெர்மோஸ்டாட் சோதனையும்: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

படகு இன்ஜின் சூடேறத் தொடங்கியதும், குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுவது நம் கடலோரத்தில் பரவலாகக் காணப்படும் பழக்கம். கழற்றியதும் வெப்பநிலை காட்டும் கேஜின் முள் கீழே இறங்கிவிடுவதால் பழுது தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் சூடேறியதற்கான காரணம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இன்ஜினோ அன்றிலிருந்து உரிய சூட்டை எட்டாமலே ஓடித் தேய்கிறது. தெர்மோஸ்டாட் நல்ல நிலையில் இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு பழைய பாத்திரம், ஒரு வெப்பமானி, ஒரு முழம் நூல் ஆகியவற்றைக் கொண்டு எவரும் சோதித்துப் பார்த்துவிடலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும்போது இந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது.

முதல் படி: குளிர்விக்கும் முறையை அறிதல்

இன்ஜினின் இயல்பான வெப்பநிலை என்ன என்ற கேள்விக்கு எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. எந்த நீர் இன்ஜினின் உள்ளே ஓடுகிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. கடல்நீரைப் பம்பு இழுத்து நேரே இன்ஜின் பிளாக்கினுள் செலுத்தி, வெளியே தள்ளுவது ஒரு முறை. படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு இன்ஜின்கள் ஏறத்தாழ அனைத்தும் இம்முறையைச் சேர்ந்தவை. கூலன்ட் கலந்த நன்னீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவர, அதன் வெப்பத்தை ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகக் கடல்நீர் வாங்கிச் செல்வது மற்றொரு முறை. இன்ஜினின் உச்சியில் அழுத்த மூடி போட்ட கூலன்ட் தொட்டி இருந்தால் உங்களுடையது இந்த இரண்டாவது வகை என்று கொள்ளலாம். படகின் அடிப்பகுதியில் குழாய்களைப் பதித்து, கடலிலேயே கூலன்டை ஆறவைக்கும் கீல் கூலிங் முறையும் இந்த வகைக்குள்தான் அடங்கும். காற்றால் குளிரும் இன்ஜின் பொருத்தப்பட்ட பைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு இங்கே சொல்லப்படும் சோதனைகள் தேவைப்படாது.

இரண்டாம் படி: உரிய வெப்பநிலையைத் தெரிந்துகொள்ளுதல்

யன்மார் நிறுவனத்தின் 2ஜிஎம்20 என்ற சிறிய டீசல் இன்ஜின் பாய்மரப் படகுகளில் உலகெங்கும் பழக்கமானது. அதன் நேரடிக் கடல்நீர் வகையில் தெர்மோஸ்டாட் 42 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கி, 52 டிகிரியில் முழுவதும் திறக்கிறது. அதே இன்ஜினின் கூலன்ட் வகையான 2ஜிஎம்20எஃப்-இல் இந்த எண்கள் 71, 85 என்று உயர்ந்துவிடுகின்றன. இன்ஜின் ஒன்றுதான் என்றாலும் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 டிகிரி வேறுபாடு இருப்பதற்குக் காரணம் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளே. சாதாரண உப்பு, நீர் சூடாகும்போதும் நன்றாகவே கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் கரையும் தன்மையை இழந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதைகளின் சுவரில் கல்போலப் படியத் தொடங்குகிறது. படிவு தடிக்கத் தடிக்க நீரோட்டம் குறையும், நீரோட்டம் குறையக் குறையச் சூடு ஏறும், சூடு ஏறினால் படிவு இன்னும் விரைந்து வளரும். இந்தச் சுழலைத் தவிர்ப்பதற்காகவே நேரடிக் கடல்நீர் இன்ஜின்களைப் பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ ஓடும்படி அமைக்கிறார்கள். அவுட்போர்டுகளின் தெர்மோஸ்டாட்கள் பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிக்குள் திறப்பவை. படகுக்குள்ளேயே பொருத்தப்படும் சில பெட்ரோல் இன்ஜின்களில் (இன்போர்டு) 71 டிகிரி வரை இருப்பதும் உண்டு.

கூலன்ட் இன்ஜின்கள் பொதுவாக 75 முதல் 90 டிகிரிக்குள் நிலைகொள்ளும். அழுத்த மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதால் மூடியை ஒரு சிறிய உதிரி என்று அலட்சியப்படுத்தக் கூடாது. நம் ஊரில் நீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் பலர். உறையாமல் காப்பது அதன் ஒரு பணி மட்டுமே. இரும்பையும் அலுமினியத்தையும் அரிப்பிலிருந்து காப்பது அதைவிட முக்கியமான பணி.

உங்கள் இன்ஜினுக்குரிய எண்ணைக் கையேட்டிலிருந்து எடுத்து இன்ஜின் அறையின் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

மூன்றாம் படி: தெர்மோஸ்டாட் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளுதல்

தெர்மோஸ்டாட்டின் நடுவே பித்தளையாலோ செம்பாலோ ஆன ஒரு சிறு குமிழ் இருக்கும். அதற்குள் குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. மெழுகு உருகும்போது அதன் கன அளவு 10 சதவீதத்துக்கும் மேல் விரிவதால், உள்ளே இருக்கும் ஊசி தள்ளப்பட்டு வால்வு திறக்கிறது. ஆறும்போது மெழுகு சுருங்க, ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடுகிறது. மின்சாரமோ வேறு கட்டுப்பாடோ இல்லாமல் இத்தனை ஆண்டுகளாக இது நம்பகமாக உழைத்துவருவது பாராட்டுக்குரியது.

வால்வு மூடியிருக்கும்போது நீர் முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. பைபாஸ் என்ற சிறு பாதை வழியாக அது இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவந்து எல்லாப் பகுதிகளையும் சமமாகச் சூடேற்றுகிறது. பல கூலன்ட் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல் வால்வு திறக்கும்போது இந்தத் தட்டு கீழிறங்கி பைபாஸை அடைத்துவிடும். அத்தகைய இன்ஜினில் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே மீண்டும் இன்ஜினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைப்பதற்காகக் கழற்றியவர், வலையை இழுக்கும் வேளையில் முன்பைவிட அதிகச் சூட்டைப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

குறைந்த சூட்டில் ஓடுவதன் தீங்கு உடனே கண்ணில் படாது. எரியாத எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியாக வடிந்து ஆயிலில் கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்த பகுதிகளில் நீராகி, ஆயிலுடன் சேர்ந்து கசடாகிறது. டீசலிலுள்ள கந்தகத்திலிருந்து உண்டாகும் அமிலம் சிலிண்டர் லைனரை அரிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஒரு பூச்சு படிந்திருந்தால், ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதாக முடிவுகட்டும் முன் இன்ஜின் உரிய சூட்டை எட்டுகிறதா என்பதைச் சரிபாருங்கள்.

நான்காம் படி: உண்மையான வெப்பநிலையை அளத்தல்

கேஜ் காட்டுவதை மட்டும் நம்பி எதையும் கழற்றக் கூடாது. சென்சாரின் முனையில் துரு ஏறினாலோ எர்த் கம்பி தளர்ந்தாலோ அளவு பிசகும். இதைவிட ஆபத்தான நிலையும் உண்டு: கூலன்ட் ஒழுகிப் போய்விட்டால் சென்சார் நீரில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும், இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும்.

இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று கைவசம் இருந்தால், படகைக் கட்டிய நிலையிலேயே இன்ஜினைச் சற்று பளுவுடன் கால் மணி நேரம் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் (தெர்மோஸ்டாட் அமர்ந்திருக்கும் உலோக உறை) மீது பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் இந்தக் கருவியை ஏமாற்றி, உள்ளதைவிடக் குறைவான அளவைக் காட்டச் செய்யும். ஆகவே வண்ணம் பூசிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன் மீது அளவெடுங்கள். உலோகத்தின் வெளிப்பரப்பு உள்ளே இருக்கும் நீரைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அறிகுறிகளிலிருந்து காரணத்தைப் பிரித்தறிதல்

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென ஏறி அலாரம் அடித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். நெடுநேரம் ஓடியும் சூடு ஏறாமலிருந்தால், அல்லது கரைக்கு அருகில் மெதுவாக வரும்போது முள் இறங்கிக்கொண்டே போனால், அது திறந்தபடி சிக்கியிருக்கிறது. சாதாரண வேகத்தில் சரியாக இருந்து, வேகத்தைக் கூட்டும்போது மட்டும் சூடேறினால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் குற்றவாளி அல்ல. தேய்ந்த இம்பெல்லர் (கடல்நீர்ப் பம்பினுள் சுழலும் ரப்பர் சக்கரம்), நீர் இழுக்கும் வாயில் சிக்கிய பிளாஸ்டிக் தாள், சிப்பி படிந்த குழாய், அடைபட்ட ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தெர்மோஸ்டாட் கழற்றப்பட்ட இன்ஜின்களில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு புதிய இம்பெல்லர்தான்.

அவுட்போர்டின் பின்புறம் பீச்சும் நீர்த்தாரை பம்பு வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆறாம் படி: கழற்றுதல்

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே தொடங்குங்கள். சூடான கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் நீராவியும் கொதிநீரும் முகத்தில் பாயும். கடல்நீர் வால்வை மூடி, இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். வால்வைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்யும் ஆபத்தை இது தவிர்க்கும்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் போல்ட்கள் உப்பால் இறுகியிருப்பது வழக்கம். அலுமினிய உடலில் எஃகு போல்ட் என்றால் அது எளிதில் முறிந்துவிடும். துருநீக்கி எண்ணெயை முதல்நாள் மாலையே தெளித்துவையுங்கள். மறுநாள் போல்ட் தலையில் சிறு சுத்தியால் தட்டி, முதலில் இறுக்கும் திசையில் ஓர் இழை அசைத்து, பிறகு தளர்த்துங்கள். பிடி கொடுக்காவிட்டால் ஸ்பேனரில் குழாயைச் செருகி வலுவைக் கூட்டாமல் ஹவுசிங்கைச் சூடாக்கிப் பாருங்கள். ஹவுசிங் திறந்ததும் தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறது என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வெந்நீரில் சோதித்தல்

சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் நச்சுத்தன்மை கொண்டது. தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் அது திறக்கும் வெப்பநிலை பொறிக்கப்பட்டிருக்கும். உப்பு மூடியிருந்தால் வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் எண் தெரியும். வால்வை விரல் நகத்தாலோ சிறு திருப்புளியாலோ மெல்ல நெம்பி, நூலின் நுனியை இடைவெளியில் வைத்து விட்டுவிடுங்கள். வால்வு நூலைக் கவ்விக்கொள்ளும். வால்வு மூடாமல் நூல் நழுவினால் தெர்மோஸ்டாட் அப்போதே தோற்றுவிட்டது, சோதனை தேவையில்லை.

நூலைப் பிடித்து, தெர்மோஸ்டாட் முழுவதும் நீருக்குள் இருக்கும்படியும் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிடுங்கள். வெப்பமானியின் முனை அதே ஆழத்தில் இருக்கட்டும். அடுப்பைச் சிறுதீயில் வைத்து நீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். தீயைக் கூட்டினால் மெழுகு நீரின் சூட்டை எட்டுவதற்குள் வெப்பமானி ஏறிவிடும். வால்வு திறக்கத் தொடங்கும் நொடியில் நூல் விடுபட்டு, தெர்மோஸ்டாட் டொக்கென்று அடியில் விழும். அப்போது வெப்பமானி காட்டுவதே திறக்கும் வெப்பநிலை. பொறித்த எண்ணுக்கு 2 அல்லது 3 டிகிரி முன்பின் இருந்தால் கவலை வேண்டாம்.

இதோடு நிறுத்திவிடாமல் மேலும் 15 டிகிரி வரை சூடேற்றி, வால்வு எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதையும் பாருங்கள். கூலன்ட் வகை யன்மாரில் முழுத் திறப்பு சுமார் 8 மில்லிமீட்டர். பாதியில் நின்றுவிடும் வால்வு துறைமுகத்துக்குள் சரியாக நடந்துகொண்டு ஆழ்கடலில் காலைவாரும். பின்னர் வெளியே எடுத்து ஆறவைத்து, வால்வு இடைவெளியின்றி மூடுகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

எட்டாம் படி: பொருத்தி ஓட்டிப் பார்த்தல்

பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, பரப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, புதிய கேஸ்கட்டைப் போடுங்கள். மெழுகுக் குமிழ் இன்ஜினை நோக்கியும், காற்று வெளியேறும் சிறு துளை உச்சியிலும் இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் சூடான நீர் மெழுகை எட்டாது, வால்வு திறக்கவே திறக்காது. போல்ட் மரைகளில் இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசை தடவி, கையேட்டின் அளவுக்கு மாறி மாறி இறுக்குங்கள்.

கூலன்டை மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். பிறகு கடல்நீர் வால்வைத் திறந்து, சாவியை எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். புகைக்குழாயில் நீர் வருவதை உடனே உறுதிசெய்யுங்கள்; வறண்டு சுழலும் ரப்பர் இம்பெல்லர் ஓரிரு நிமிடத்தில் கருகிவிடும். முள் ஏறி, வால்வு திறக்கும்போது ஒருமுறை சற்றுத் தணிந்து, பிறகு நிலையாக நின்றால் வேலை சரியாக முடிந்தது. இன்ஜின் ஆறிய பின் கூலன்ட் மட்டத்தை மறுபடியும் பார்த்து நிரப்புங்கள்.

அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் கரை திரும்பி நன்னீரில் கழுவும்போது, தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு இன்ஜின் சூடாகும்வரை ஓடவிட வேண்டும். வால்வு மூடியிருக்கும்போதே நிறுத்தினால் நன்னீர் முழு வேகத்தில் உள்ளே பாயாமல், சிலிண்டர் பக்கத்தில் உப்புநீர் தேங்கிவிடக்கூடும்.