காருக்குள் நீர் கசிகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

கால்மிதியைத் தூக்கும்போது அடியிலுள்ள கம்பளம் ஈரமாக இருந்தால், எங்கே நனைந்திருக்கிறது என்பதோடு எப்போது நனைகிறது என்பதையும் கவனியுங்கள். மழையில்லாத நாளில் ஏசி ஓடிய பிறகு முன்பக்கம் நனைந்தால், ஏசியில் திரளும் நீரை வெளியேற்றும் குழாய் அடைத்திருக்கக்கூடும். ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையுடனும் இருந்தால் அது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

மழைநீர்தான் என்றால், ஒருவரை டார்ச்சுடன் உள்ளே உட்காரவைத்து, கதவுகளை மூடி, ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் மெதுவாக நீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லாவற்றையும் நனைத்து, உண்மையான ஓட்டையை மறைத்துவிடும்.

அவசரப்பட்டுக் கதவு ரப்பரை மாற்றிவிடாதீர்கள். வைப்பருக்குக் கீழே இலைகள் மக்கிக் கறுப்புச் சேறாகி, வடிகால் துளையை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே நல்லது. கையால் அள்ளினாலே தேங்கிய நீர் சடசடவென இறங்கிவிடும். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளிலுள்ள துளைகளில் சிறிது நீர் ஊற்றி, காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைப்பை மெல்லிய நைலான் இழையால் எடுக்கலாம், ஆனால் அதிக அழுத்தக் காற்று குழாயின் இணைப்பையே கழற்றிவிடக்கூடும். கதவின் உட்பலகைக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாள் பிரிந்திருந்தால், பியூட்டைல் நாடாவால் (நீர் புகாத, ஒட்டும் ரப்பர் நாடா) மீண்டும் ஒட்ட வேண்டும்.

கசிவை அடைத்த பிறகு கம்பளத்தைத் தூக்கி, நீரை உறிஞ்சி வைத்திருக்கும் அடிப்பஞ்சை முழுவதுமாக உலர்த்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் தங்கும் ஈரம் தரைத்தகட்டைத் துருப்பிடிக்கச் செய்து, வயர் இணைப்புகளையும் அரித்துவிடும்.