பார்டர் சுகர்: முதல் பத்து நாளில் நான் செய்ததும் நீங்கள் செய்யக் கூடாததும்

களியக்காவிளைக்காரனுக்கு பார்டர் என்ற சொல் புதிதல்ல. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே வந்த கோடு, அதன் இந்தப் பக்கம் டீ, அந்தப் பக்கம் சாயா, நடுவில் செக்போஸ்ட். அதனால்தானோ என்னவோ, ஜூன் மாதம் லேப் ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தவன், வீட்டுக்காரி கேட்டதும் "ஒண்ணும் இல்ல, பார்டர் சுகர்தான்" என்று வாய் கூசாமல் சொன்னேன். வெறும் வயிற்றில் 218, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 9.4. பார்டரைத் தாண்டி, கேரளத்துக்குள் பாறசாலையைத் தாண்டி, நெய்யாற்றின்கரைக்கே போய்ச் சேர்ந்துவிட்ட சுகர் அது.

முதல் தவறு இந்தப் பொய்தான். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் சுகரைக் கட்டுப்படுத்த முடியாது, ஏனென்றால் சாயாவில் சீனி போடுவது அவர்கள். பார்டர் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு: வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. 126-ஐயோ 6.5-ஐயோ தொட்டுவிட்டால் அது சர்க்கரை நோய். தாகம், அடிக்கடி மூத்திரம், மெலிவு என்று எதுவும் இல்லாதவருக்கு டாக்டர் இன்னொரு பரிசோதனையும் பார்த்துத்தான் உறுதி செய்வார். ரத்தசோகை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், எச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம். மற்றபடி அந்த எண்ணோடு பேரம் பேசிப் பயனில்லை.

அடுத்தது நான் செய்த பெரிய முட்டாள்தனம். எல்லையோர ஊரில் இருக்கிற பலருக்கும் இது நடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், காலையில் சாப்பாட்டோடு ஒன்று. நான்காம் நாள் அளியன் (மச்சான்) வந்து, "இங்க எல்லாம் காட்டிட்டு இருக்காதே, திருவனந்தபுரத்துல நல்ல டாக்டர் இருக்கார்" என்று இழுத்துக்கொண்டு போனார். அங்கே பழைய சீட்டைக் காட்ட எனக்கு ஒரு கூச்சம், ஏற்கனவே ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றால் கோபப்படுவாரோ என்று. அவரும் பாவம், புது நோயாளி என்று நினைத்து ஒரு சீட்டு எழுதினார். பெட்டியின் நிறம் வேறு, பெயர் வேறு. சரி, இது வேறு மருந்து, இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் குறையும் என்று இரண்டையும் விழுங்கினேன். இரண்டிலும் உள்ளே இருந்தது ஒன்றுதான்: மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். கம்பெனி பெயர் பெரிய எழுத்தில், மருந்தின் பெயர் எறும்பு எழுத்தில் இருந்தால் நமக்கு எங்கே தெரிகிறது?

அதோடு இன்னொன்று. எனக்கு ரப்பர் வெட்டு. விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒரு கட்டன் (பால் இல்லாத சாயா) குடித்துவிட்டுப் போனால், வெட்டி முடித்து, பால் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஒன்பதரை ஆகும். டாக்டர் 'காலையில்' என்றார், என் காலை நான்கு மணிக்கு. மாத்திரை இரண்டையும் அப்போதே போட்டுக்கொண்டேன். சீனி இல்லாத கட்டனோடு. முந்தின நாள் இரவும் சோறு இல்லை, பயத்தில் இரண்டே சப்பாத்தி.

ஏழரை மணிக்கு மரத்தின் பக்கத்தில் நிற்கும்போது கை நடுங்கியது, சட்டை பிழிந்தாற்போல் வியர்த்தது, சிரட்டை இரண்டாகத் தெரிந்தது. பக்கத்துப் பிளாக்கில் வெட்டுகிற பையன் பார்த்துவிட்டு ஓடி வந்து, அவன் பையில் இருந்த சர்பத்தை என் வாயில் வைத்தான். அவனுக்கு சுகர் பற்றி ஒன்றும் தெரியாது, தாகமாக இருக்கிறது என்று நினைத்தான். என் நல்ல காலம்.

கிளிமிபிரைடு வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு தாழ்வது அபூர்வம். அதனால் சீட்டு எழுதும்போதே கேளுங்கள்: இது சுகரைத் தாழ்த்திவிடுமா, எப்போது போட வேண்டும், நான் நான்கு மணிக்கு வெட்டுக்குப் போகிறவன், மீன் ஏலத்துக்கு இரண்டு மணிக்குப் போகிறவன், ராத்திரி லாரி ஓட்டுகிறவன். வேலை நேரத்தைச் சொன்னால் மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார்கள். சொல்லாவிட்டால் எல்லோரும் எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிறவர்கள் என்றுதான் அவர்கள் கணக்கு. இரண்டாவது டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை, பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் மேஜையில் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

சுகர் 70-க்குக் கீழே போனால், அல்லது மீட்டர் கையில் இல்லாமல் நடுக்கமும் வியர்வையும் வந்தால், மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. அப்புறம் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடுங்கள், இல்லையென்றால் மறுபடி தாழும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத்தான். அந்த நாளுக்குப் பிறகு என் வெட்டுப் பையில் கத்தியோடு ஒரு சீனிப் பொட்டலமும் போகிறது. வெறும் வயிற்றில் ஷாப்புக்குப் போய்க் கள்ளு குடிக்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு, ஈரல் ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதைக் குடி தடுத்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊரே டாக்டர். சீனி வேண்டாம், கருப்பட்டி நல்லது என்பார் ஒருவர். மார்த்தாண்டம் தேன் சுத்தம், அது ஒன்றும் செய்யாது என்பார் இன்னொருவர். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை. சுத்தமான சர்க்கரையும் சர்க்கரைதானே. எங்கள் ஊர் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு நானும் பெருமைப்பட்டவன்தான், அதற்காகச் சீப்போடு உட்கார முடியாது. ஒன்று, அதுவும் சாப்பாட்டுக்கு மேல் அல்ல, இடையில்.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, யாரும் சந்தேகப்படுவதே இல்லை, பெயரிலேயே சீனி இருந்தும். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு, பஞ்சத்துக்கும் பசிக்கும் நம்மைக் காத்தது, நன்றி மறக்கவில்லை. ஆனால் 'சோற்றை விட்டுட்டேன், இப்ப கிழங்கும் மீன் கறியும்தான்' என்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அளவுக்கு அளவு பார்த்தால் கிழங்கில் சோற்றை விட மாவுச்சத்து அதிகம். சம்பா அரிசி, மட்டை அரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பதும் இதே ரகம். தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் மீனும் பயறும் தோரனும் வரட்டும், அவ்வளவுதான். முழுசாக நிறுத்துவது அடுத்த வாரமே உடைந்துபோகும், நான் உடைத்தவன்.

பாகற்காய்ச் சாறு, இன்சுலின் செடி இலை, நாட்டு வைத்தியர் பொடி எல்லாம் முதல் வாரத்திலேயே வீடு தேடி வரும். பாகற்காயைக் கறி வைத்துத் தின்னுங்கள், யார் வேண்டாம் என்றார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடிப்பதுதான் தவறு. பெயர் ஒட்டாத பொடியை நான் தொட மாட்டேன், உள்ளே என்ன அரைத்திருக்கிறார்கள் என்று அரைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். மெட்ஃபார்மினால் வயிறு கலக்குகிறது என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் அது அடங்கிவிடும், சாப்பாட்டோடு போட்டால் இன்னும் நல்லது, அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

மீட்டர் வாங்கினால் ஒரு வேடிக்கை நடக்கும். எனக்கு ஒருநாள் 340 காட்டியது. நெஞ்சு நின்றே போயிற்று. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி குத்தினால் 171. பேரனுக்கு மட்டிப் பழம் உரித்துக் கொடுத்த விரல் அது. பழச்சாறு ஒட்டிய விரலில் மீட்டர் பழத்தின் சுகரையும் சேர்த்தே சொல்லும். மழைக்காலத்தில் ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து போட்டாலும் ஸ்டிரிப் கெட்டுவிடும், இங்கே மழைக்கா பஞ்சம்.

கண்ணாடி மாற்ற அவசரப்படாதீர்கள். சுகர் ஏறி இறங்கும்போது கண்ணின் லென்சில் நீர் கூடிக் குறையும், பார்வை கலங்கும். எனக்கு மருந்து தொடங்கிய இரண்டாம் வாரத்தில் பேப்பர் படிக்க முடியவில்லை. உடனே கடையில் புதுக் கண்ணாடி. சில வாரத்தில் சுகர் நிலைக்கு வந்ததும் பழைய கண்ணாடியே சரியாக இருந்தது, புதியது அலமாரியில் தூங்குகிறது. ஆனால் கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டுவது வேறு விஷயம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. என்னைப் போன்றவர்களுக்கு வரும் டைப் 2 சுகர் கண்டுபிடிப்பதற்குப் பல வருடம் முன்பே உடம்பில் இருந்திருக்கலாம், பார்வை நன்றாகத் தெரியும்போதே உள்ளே சேதம் தொடங்கியிருக்கலாம். மூத்திரத்தில் ஆல்புமின் என்ற புரதம், பிரஷர், கொழுப்பு, எல்லாம் இந்த முதல் சுற்றிலேயே.

கால் கதையும் அதுதான். 'நேற்றுத்தானே சுகர் வந்தது, காலுக்கு என்ன' என்று வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பது, மாலை போட்டு மலைக்குப் போவது. சுகரால் மரத்துப்போன பாதத்தில் அட்டை கடித்தாலும் முள் குத்தினாலும் தெரியாது. ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் அவசரம். வீட்டில் பிள்ளையோ, மெலிந்த இளவட்டமோ இப்படித் திடீரென்று சுகர் என்று தெரிந்து, எடை இறங்கி, வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் வந்தால் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது உடம்பே இன்சுலின் சுரக்காத டைப் 1 ஆக இருக்கலாம், அவர்களுக்கு இன்சுலின் ஒரு நாளும் நிற்கக் கூடாது. இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்று நம்மூரில் பேசுவார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்டது 14 வயதுப் பையன், சாகக் கிடந்தவன் எழுந்து நடந்தான்.

எனக்கு எதிலும் அவசரம். மருந்து தொடங்கிய பத்தாம் நாள் குறைந்துவிட்டதா பார்க்கலாம் என்று மறுபடி எச்பிஏ1சி எடுக்கப் போனேன். ரத்தத்தின் சிவப்பணு நான்கு மாதம் உயிரோடு இருக்கும், அதன் மேல் படிந்த பழைய சர்க்கரை பத்து நாளில் எங்கே போகும்? லேபில் இருந்த பெண் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, ஓணம் கழிஞ்சு வாங்க. பாயசம் குடிச்சா எனக்குத் தெரிஞ்சிடும், பாத்துக்குங்க."