தீபாவளி வெடிச் சத்தத்திலிருந்து நாயையும் பூனையையும் காப்பது எப்படி?

வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயை வளர்ப்பவர்களுக்கு, “போகப் போகப் பழகிவிடும்” என்ற ஆறுதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் கிடைக்கிறது. அதை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு முறை மிரண்ட நாய் அதே சத்தத்தைத் துணையின்றித் திரும்பத் திரும்பக் கேட்டால், பயம் தணிவதை விட வளர்வதே அதிகம்; அணுகுண்டுக்கு மட்டும் ஒடுங்கிய நாய் அடுத்தடுத்த ஆண்டுகளில் இடிச் சத்தத்துக்கும், கதவு காற்றில் அறைந்து சாத்தும் சத்தத்துக்கும்கூட ஒடுங்கத் தொடங்கலாம். நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். நாயின் காதுக்கு 45,000 வரையிலும், பூனையின் காதுக்கு 60,000-க்கு மேலும் எட்டும். அதனால் நமக்குக் கேட்காத கீச்சொலிகளும் சேர்ந்தே அவற்றைத் தாக்குகின்றன.

ஐப்பசியில் வரும் பண்டிகைக்கு ஆவணியிலேயே ஆயத்தம் தொடங்குவது நல்லது. வெடிச் சத்தப் பதிவு ஒன்றைக் கைபேசியில் மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, அது ஒலிக்கும்போதே நாய்க்குப் பிடித்த உணவைச் சிறு துண்டுகளாகக் கொடுத்துவர வேண்டும். சில நாள்களுக்கு ஒரு முறை ஒலியைச் சற்றே கூட்டலாம். காது பின்னால் மடிந்தாலோ, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். தெருவில் உண்மையான வெடிகள் தொடங்கியதும் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

அதே மாதங்களில் கால்நடை மருத்துவரையும் பார்த்துவிடுவது அவசியம். பதற்றத்தையே தணிக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. அவற்றைச் சத்தம் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும் என்பதால், பண்டிகைக்குச் சில நாள் முன்னதாக மருத்துவர் சொன்ன அளவில் ஒரு முறை கொடுத்துப் பார்ப்பது நல்லது. அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடல் தளர்ந்துவிடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு நாய் நிம்மதியாகத் தூங்குவது போலத் தோன்றுவதுதான் இதில் கொடுமை. மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. தீபாவளியன்று பல மருத்துவமனைகள் மூடியிருக்கும் என்பதால், யார் திறந்திருப்பார்கள் என்பதையும், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் விடுமுறை நாள் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக் குறித்து வைக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2018-இல் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்க அனுமதி என்று அறிவிக்கப்பட்டு வருகிறது. ஆனால் கங்கா ஸ்நானம் முடிந்த கையோடு விடிவதற்கு முன்பே முதல் சரத்தைக் கொளுத்தும் தெருக்கள் சென்னையில் ஏராளம் என்பதால், இந்த நேரத்தை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது. நாயை வெளியே கூட்டிச் செல்லப் பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிந்தைய ஓய்ந்த பொழுதுதான் ஏற்றது. இரவுச் சாப்பாட்டையும் மாலை ஐந்து மணிக்குள் கொடுத்துவிடலாம்.

வீட்டுக்குள் தெருவைப் பார்க்காத அறை ஒன்றை ஒதுக்கி, ஜன்னலைச் சாத்தித் திரை போட்டு, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட வேண்டும். நாய் தானே குளியலறையையோ கட்டிலுக்கு அடியையோ தேர்ந்தெடுத்தால் அந்த இடத்திலேயே பழைய போர்வையைப் போட்டுக் கொடுப்பதுதான் முறை. இழுத்து வெளியே கொண்டுவரக் கூடாது. அணைத்துத் தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது தவறான எண்ணம். அது உங்களைத் தேடி வந்தால் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்தும் தரைத்தளத்துக்கு வந்து வெடிப்பார்கள். தூண்களுக்கு நடுவே அந்தச் சத்தம் பல மடங்காக எதிரொலிக்கும். குடியிருப்போர் சங்கத்திடம் பேசி அதை மட்டுமாவது முன்கூட்டியே தடுத்துவிட்டால், எல்லா மாடிகளிலும் உள்ள விலங்குகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

சத்தத்தைக் காட்டிலும் பெரிய ஆபத்து வாசல் கதவில் இருக்கிறது. பலகாரத் தட்டோடு வருகிறவருக்காகக் கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் மிரண்ட நாய் கால்களுக்கு இடையே புகுந்து ஓடிவிடும். திசை தெரியாமல் வெகுதூரம் போய் வாகனத்தில் அடிபடும் நாய்களும் உண்டு. ஆகவே அறைக் கதவு, வாசல் கதவு என இரண்டு தடைகள் எப்போதும் இருக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் கைபேசி எண்ணை எழுதி மாட்டி, தோலுக்கடியில் அரிசி மணி அளவே உள்ள மைக்ரோசிப்பையும் பொருத்தி, அதில் பதிவாகியிருக்கும் எண் இப்போதைய எண்தானா என்று சரிபார்த்துவிடுங்கள். வெளியே செல்லும்போது மார்புப்பட்டையும் சேர்த்துப் போடுவது நல்லது, ஏனெனில் கழுத்துப்பட்டையிலிருந்து மட்டும் தலையை உருவிக்கொள்வது பயந்த நாய்க்குக் கடினமே இல்லை. பூனைக்கு பால்கனிக் கதவைச் சாத்தி, மலத் தட்டையும் தண்ணீரையும் அது ஒளிந்திருக்கும் அறையிலேயே வைத்துவிட்டால் போதும். கூண்டுப் பறவைகளுக்குப் புகைதான் முதல் எதிரி என்பதால், கூண்டை உள்ளறைக்கு மாற்றி, காற்று போக ஒரு பக்கம் விட்டு மற்ற பக்கங்களைத் துணியால் மூட வேண்டும்.

உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, சாக்லேட் நஞ்சு, எண்ணெயில் பொரித்த பலகாரம் கணையத்தைப் பாதிக்கும்; எனவே லட்டு, கேசரி, முறுக்கு எதையும் கொடுக்க வேண்டாம் என்று வீட்டுக் குழந்தைகளிடமும் சொல்லி வைக்க வேண்டும். கம்பி மத்தாப்பு அணைந்து கறுத்த பிறகும் கம்பி கொதிக்கும் சூட்டில் இருக்கும், அதை மிதித்த பாதம் வெந்துவிடும். எரிந்து முடிந்ததும் தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள். தீப்புண் பட்டால் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடமாவது மெல்ல ஓடவிட்டு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மஞ்சளோ நெய்யோ பற்பசையோ பூசக் கூடாது.

தெருநாய்களுக்கு இத்தனை ஏற்பாடு முடியாது. ஆனாலும் அன்றிரவு சுற்றுச்சுவர்க் கதவைத் திறந்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கும் தண்ணீரும் வைப்பது எவருக்கும் இயலும். அவை காருக்கு அடியில் பதுங்கும் என்பதால் வண்டியை எடுக்கும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள். மறுநாள் குப்பைக் காகிதத்தோடு வெடிக்காத பட்டாசு மருந்தும் தெருவில் கிடக்கும். அதைத் தின்ற நாய்க்கு வாந்தியும் எச்சில் ஒழுகலும் தசைத் தளர்ச்சியும் வரக்கூடும், அப்படிக் கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். வீட்டு வாசலை நீங்களே பெருக்கி அள்ளிவிட்டு, தெரு சுத்தமாகும் வரை நாயை வேறு வழியில் குட்டையான கயிற்றில் நடத்திச் செல்லுங்கள்.