சோதனை ராக் குழுவை நீண்ட காலம் நடத்துவது எப்படி?

வழக்கத்துக்கு மாறான ஒலிகளைத் தேடும் இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) குழுவுக்கு முதலில் தேவைப்படுவது ரசிகர் கூட்டமன்று, ஒரு குறிப்பேடு. கிதாரின் ஆறு தந்திகளையும் புதிய வகையில் சுருதி கூட்டி ஒரு பாடலை உருவாக்கினால், எந்தத் தந்தி எந்தச் சுரத்தில் நின்றது, அதன் தடிமன் என்ன, கிதாரின் ஒலியை மாற்றும் பெடல்களின் திருகுகள் எங்கே இருந்தன என்பதையெல்லாம் அன்றே எழுதிவிட வேண்டும். மறுவாரம் நினைவிலிருந்து மீட்க முயன்றால் வேறொரு பாடல்தான் கிடைக்கும் (சில வேளை அது முந்தையதைவிட நன்றாக இருப்பதும் உண்டு).

1981இல் நியூயார்க்கில் தொடங்கி 2011 வரை இயங்கிய சோனிக் யூத் குழு, வெவ்வேறு விதமாகச் சுருதி கூட்டிய பல கிதார்களை மேடைக்குக் கொண்டு சென்றது. 1999இல் அவர்களுடைய கருவிகளை ஏற்றிய வாகனம் களவுபோனபோது, பல ஆண்டுகளாகத் திருத்தியமைத்தவை ஒரேயடியாகக் கைவிட்டுப் போயின. ஆகவே ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் படத்தையும் தனியே சேமித்து வையுங்கள், காப்பீடும் எடுங்கள்.

வருமானப் பங்கீட்டை, வருமானம் வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். பணம் வந்தபின் பேசுவது கடினம். பாடலின் மீதான உரிமையும் அதன் ஒலிப்பதிவின் மீதான உரிமையும் வெவ்வேறானவை என்பதால் இரண்டையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். இசை நிறுவனம் ஒப்பந்தத்தை நீட்டினால், மூலப் பதிவு யாரிடம், எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்று பாருங்கள். நிறுவனம் தரும் முன்பணம் பெரும்பாலும் உங்கள் பங்கிலிருந்தே கழிக்கப்படும்.