பாஸ்ட் டென்ஸ் வாக்கியத்துல அட்வெர்ப எங்கிட்டு வைக்கிறது? அடியில இருந்து பாப்போம்

வென்ட், கேம், சா, ஏட்னு பாஸ்ட் டென்ஸ் வெர்ப் எல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு தலைகீழா தெரியும், ஸ்கூல்ல அப்படி மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்க. ஆனா இன்டர்வியூல உக்காந்து "வேகமா முடிச்சேன்", "எப்பவும் நான்தான் பண்ணேன்", "ஏற்கனவே அனுப்பிட்டேன்"னு சொல்ல வேண்டி வரும்போது, அந்த வேகமா, எப்பவும், ஏற்கனவே மாதிரி வெர்ப் எப்படி, எப்போ, எத்தன தடவ நடந்துச்சுன்னு சொல்ற அட்வெர்ப வாக்கியத்துல எங்க சொருகுறதுன்னு தெரியாம பாதியில நின்னுருவாங்க. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மதுரைக்கு படிக்கவும் வேலைக்கும் வர்ற பிள்ளைங்ககிட்ட நான் திரும்பத் திரும்ப பாக்குறது இந்த இடத் தடுமாற்றம்தான், இதுக்கு பெரிய இலக்கணமெல்லாம் வேணாம், நாலஞ்சு வழக்கம் பிடிபட்டா போதும்.

உதாரண வாக்கியங்கள தமிழ் எழுத்துலயே குடுத்திருக்கேன், கண்ண மட்டும் ஓட்டாம வாய்விட்டு சொல்லிக்கிட்டே வாங்க, இது காதுலதான் பதியணும்.

படி 1: முதல்ல வெர்ப் ஒத்தையா ரெட்டையான்னு பாருங்க

"வென்ட்" ஒத்த வெர்ப். "டிட் நாட் கோ", "ஹேட் கான்", "வாஸ் கோயிங்" எல்லாம் முன்னாடி டிட், ஹேட், வாஸ்னு ஒரு ஹெல்பர் இருக்குற ரெட்ட வெர்ப். "வாஸ்", "வேர்" தனியா வந்தா அது தனி கணக்கு. இந்த மூணையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் அட்வெர்ப தொடணும்.

படி 2: எப்படி நடந்துச்சுன்னு சொல்ற அட்வெர்ப்

ஸ்லோலி, லவுட்லி, கேர்ஃபுல்லி, வெல், ஃபாஸ்ட், இதெல்லாம் இந்த வகை. "அவன் கதவ மெதுவா சாத்துனான்"னு நாம சொல்லும்போது மெதுவாங்கிறது சாத்துனானுக்கு ஒட்டி முன்னாடி நிக்கும். இங்கிலீஷ்ல பொதுவா ஆப்ஜெக்ட்டையும், அதாவது எத சாத்துனான்கிற "த டோர்"ரையும், முடிச்சுட்டு கடைசியில வைங்க: "ஹி க்ளோஸ்ட் த டோர் ஸ்லோலி". வெர்புக்கு முன்னாடி "ஹி ஸ்லோலி க்ளோஸ்ட் த டோர்"னு வச்சாலும் சரிதான். வைக்கக்கூடாத இடம் ஒன்னே ஒன்னு, வெர்புக்கும் ஆப்ஜெக்ட்டுக்கும் நடுவுல. "ஹி க்ளோஸ்ட் ஸ்லோலி த டோர்" தப்பு. "ஷி ஸ்போக் வெல் இங்கிலீஷ்"னு நிறைய பேர் சொல்றாங்க, அதுவும் தப்பு, "ஷி ஸ்போக் இங்கிலீஷ் வெல்"தான்.

ஆனா வெர்புக்கு அப்புறம் அட், டு, ஃபார் மாதிரி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நடுவுல தாராளமா போகலாம். "ஹி லுக்ட் கேர்ஃபுல்லி அட் த பில்", இது சரி. ஆப்ஜெக்ட் ரொம்ப நீளமா போச்சுன்னா கடைசி வரைக்கும் காத்திருக்காம அட்வெர்ப வெர்புக்கு முன்னாடியே போட்டுருங்க: "ஷி கேர்ஃபுல்லி ரெட் ஆல் த லெட்டர்ஸ் ஹர் அங்கிள் சென்ட் ஃப்ரம் துபாய்". இதுல கேர்ஃபுல்லிய துபாய்க்கு பின்னாடி வச்சா, மாமா கவனமா அனுப்புனாருன்னு அர்த்தம் மாறிரும்.

ஃபாஸ்ட், வெல், ஹார்ட் இந்த மூணும் இப்படி ஒத்த வெர்புக்கு முன்னாடி வராது, பின்னாடிதான். "ஹி ஃபாஸ்ட் ரேன்" கிடையாது, "ஹி ரேன் ஃபாஸ்ட்".

இதுல ஹார்ட் கொஞ்சம் ஆபத்தான ஆளு, இங்க நிதானமா நில்லுங்க. குயிக் குயிக்லி ஆகுது, ஸ்லோ ஸ்லோலி ஆகுது, அப்ப ஹார்ட் ஹார்ட்லி ஆகும்னு நினைக்கிறது நியாயம்தான், ஆனா அப்படி ஆகாது. "ஐ வொர்க்ட் ஹார்ட்"னா கடுமையா உழைச்சேன். "ஐ ஹார்ட்லி வொர்க்ட்"னா வேலையே பாக்கலன்ற மாதிரி. ஒரு கம்பெனி இன்டர்வியூல போய் "இன் மை லாஸ்ட் ஜாப் ஐ ஹார்ட்லி வொர்க்ட்"னு பெருமையா சொன்னா கேக்குறவங்க என்ன நினைப்பாங்க! ராத்திரி பகலா உழைச்ச பிள்ளை ஒரு லி சேத்ததுனால சோம்பேறி ஆகிடக்கூடாது, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். லேட்டும் இப்படித்தான், "ஹி கேம் லேட்"னா தாமதமா வந்தான், லேட்லின்னா சமீபமா.

படி 3: எத்தன தடவன்னு சொல்ற அட்வெர்ப்

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர். ஒத்த வெர்ப்னா அதுக்கு முன்னாடி வைங்க: "மை கிராண்ட்ஃபாதர் ஆல்வேஸ் டுக் த ஃபர்ஸ்ட் பஸ் ஃப்ரம் ஆரப்பாளையம்". வாஸ், வேர் தனியா இருந்தா அதுக்கு பின்னாடி: "ஹி வாஸ் ஆல்வேஸ் எர்லி". ரெட்ட வெர்ப்னா ரெண்டுக்கும் நடுவுல: "ஹி ஹேட் நெவர் சீன் த சீ". டிட் நாட் வந்தா நாட்டுக்கு அப்புறம்: "வீ டிட் நாட் ஆஃபன் ஈட் அவுட்சைட்". கேள்வியா கேட்டா ஆள் பேருக்கு அப்புறம்: "டிட் யூ யூஷுவலி வாக் டு ஸ்கூல்?" இங்க டிட் வந்துட்டதால வாக்ட் ஆகாது, வாக்தான்.

நெவர் வரும்போது வெர்ப் பாஸ்ட்லயே இருக்கட்டும், டிட் நாட்டையும் கூட்டிக்கிட்டு வராதீங்க, ஏன்னா நெவர்குள்ளயே இல்லைங்கிறது இருக்கு. "ஐ டிட் நாட் நெவர் வென்ட்" தப்பு, "ஐ நெவர் வென்ட்" போதும்.

படி 4: எப்போன்னு சொல்ற வார்த்தைகள்

"நான் நேத்து போனேன்"னு சொல்லிப் பழகுன வாய்க்கு "ஐ எஸ்டர்டே வென்ட்"னுதான் வரும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக் எல்லாம் நடுவுல நிக்காது, ஒன்னு கடைசி, இல்ல முதல்: "ஐ வென்ட் டு தமுக்கம் எஸ்டர்டே".

"ரெண்டு நாளைக்கு முன்னாடி" வந்தா உடனே "பிஃபோர் டூ டேஸ்"னு ஆரம்பிச்சுருவோம். சரியானது "டூ டேஸ் அகோ", அகோ எப்பவும் காலத்துக்கு பின்னாடி. நேத்து ராத்திரிய "எஸ்டர்டே நைட்"னு சொன்னா புரியும், ஆனா "லாஸ்ட் நைட்"தான் எல்லா ஊர்லயும் வழக்கம்.

நேரத்த குறிச்சு சொல்லிட்டா ஹேவ் பக்கம் போகாதீங்க. "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே"ன்னு ஆபீஸ் மெயில்ல கூட பாக்குறேன், "ஐ சா ஹிம் எஸ்டர்டே"ன்னு எழுதுங்க. ஆல்ரெடி, ஜஸ்ட் ரெண்டும் ஹேவ், ஹேட் கூட நல்லா சேரும், பொதுவா நடுவுல வரும்: "வென் வீ ரீச்ட் மாட்டுத்தாவணி, த பஸ் ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்". அமெரிக்காக்காரங்க "ஐ ஆல்ரெடி ஏட்"னு ஒத்த வெர்ப் கூடவும் சொல்லுவாங்க, கேட்டா குழம்பாதீங்க.

படி 5: மூணும் ஒன்னா வந்தா

முதல்ல எப்படி, அப்புறம் எங்க, கடைசியில எப்போ. சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முந்தின ராத்திரிய எடுத்துக்கங்க, சனம் பூரா கரையில விடிய விடிய காத்துக்கிட்டு கிடக்கும்ல, அத இப்படி கட்டலாம். "த பீப்பிள் வெயிட்டட்". எப்படி? "பேஷன்ட்லி". எங்க? "ஆன் த பேங்க்ஸ் ஆஃப் த வைகை". எப்போ? "லாஸ்ட் நைட்". சேத்து ஒரே மூச்சுல சொல்லுங்க: "த பீப்பிள் வெயிட்டட் பேஷன்ட்லி ஆன் த பேங்க்ஸ் ஆஃப் த வைகை லாஸ்ட் நைட்". தமிழ்ல சொன்னா நேத்து ராத்திரிதான் பெரும்பாலும் முதல்ல வரும், இங்க வால்ல போய் நிக்குது. போனான் வந்தான் மாதிரி நகர்ற வெர்ப்னா மட்டும் இடத்த முதல்ல சொல்லிருங்க: "ஹி வென்ட் ஹோம் குயிக்லி லாஸ்ட் நைட்".

இப்ப நீங்க திருத்துங்க

கீழ நாலும் தப்பா இருக்கு, விடைய பாக்காம வாய்விட்டு திருத்திப் பாருங்க.

"ஐ பிஃபோர் த்ரீ டேஸ் வென்ட் டு அழகர்கோவில்."
"தே ஆல்வேஸ் வேர் லேட்."
"ஷி வாஷ்ட் கேர்ஃபுல்லி த பிளேட்ஸ்."
"வீ ஹேவ் மெட் ஹிம் லாஸ்ட் வீக்."

விடை: "ஐ வென்ட் டு அழகர்கோவில் த்ரீ டேஸ் அகோ." "தே வேர் ஆல்வேஸ் லேட்." "ஷி வாஷ்ட் த பிளேட்ஸ் கேர்ஃபுல்லி." "வீ மெட் ஹிம் லாஸ்ட் வீக்." எது தப்பாச்சோ அந்தப் படிய மட்டும் இன்னொரு தடவ படிச்சுட்டு, இன்னைக்கு உங்க வீட்டுல நடந்தத வச்சு அதே மாதிரி மூணு வாக்கியம் சொந்தமா கட்டிப் பாருங்க.